நீரும் நெல்லும் நெருப்பும்: மூடா ஆற்றின் கதை



அலோர் ஸ்டார் நகரையொட்டியுள்ள மெர்கோங்கில் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை நிற்கிறது. தெற்கே தோட்டங்களிலிருந்து உறவினரைப் பார்க்கவோ, அரசாங்க அலுவலகத்துக்கோ அந்தப் பக்கம் போகும் நம்மில் எத்தனை பேர் அதை நின்று பார்த்திருக்கிறோம்? வாகனம் கடக்கும், நாமும் கடந்து விடுவோம். ஆனால் அலோர் ஸ்டாரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் வயல்களுக்கு வரும் நீரில், இயற்கையாக அந்தத் திசைக்கு ஓடியிருக்க முடியாத நீரும் கலந்திருக்கிறது. அது சுங்கை பட்டாணிப் பக்கமாக, நம் தோட்டங்களின் ஓரமாக ஓடிக் கடலில் விழ வேண்டிய நீர். மலையைக் குடைந்து அதை வடக்கே திருப்பினார்கள். அது ஏன், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன குறைந்தது என்பதைத்தான் இந்த உரையில் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். லயத்தின் தகரக் கூரையில் மழை பெய்கிறது. எந்தப் பக்கத்துச் சரிவில் விழுகிறதோ அந்தப் பக்கத்துத் தாழ்வாரத்தில்தான் ஒழுகும். தாழ்வாரத்தின் கீழ் வைத்த பீப்பாய் அதனால்தான் நிரம்புகிறது. மலைகளும் அப்படியே. ஒரு மலைத்தொடரின் ஒரு சரிவில் விழும் மழையெல்லாம் சிற்றோடைகளாகக் கூடி ஓர் ஆற்றுக்குப் போகிறது. அந்தச் சரிவு முழுவதையும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பு நிலம் என்கிறோம். மூடா ஆற்றின் நீர்ப்பிடிப்பு நிலம் 4,200 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். தாய்லாந்து எல்லையை ஒட்டிய காடுகளில் தொடங்கி, சீக் வழியாக வந்து, பாலிங் பக்கத்துக் கெட்டில் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, கோலா மூடாவில் கடலைத் தொடுகிறது. இடையில் உள்ள ரப்பர் தோட்டங்களில்தான் நம் பாட்டனும் பாட்டியும் வந்து இறங்கினார்கள்.

நீர், உணவு, எரிபொருள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இன்றைய அறிஞர்கள் பேசுகிறார்கள். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த இந்த மண்ணிலேயே அதற்குப் பழஞ்சான்று உண்டு. மெர்போக் ஆற்றங்கரையில் சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009-இல் தொடங்கிய அகழாய்வுகளில் பழங்கால இரும்பு உருக்குக் களங்களும், உலைக்குக் காற்று ஊதும் மண்குழாய்களும், படகுத்துறையின் எச்சங்களும் கிடைத்தன. இராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் கடாரத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே உலை எரிந்திருக்கிறது. இரும்பை உருக்கக் கரி வேண்டும். கரிக்கு மரம் வெட்ட வேண்டும். வெட்டுகிறவனுக்குச் சோறு வேண்டும். உருக்கிய இரும்பை ஏற்றிச் செல்ல ஆறு வேண்டும். அன்று ஜெராய் மலையின் அடிவாரம்வரை கடல் இருந்தது என்றும், பின்னர் வண்டல் படிந்து கடற்கரை மேற்கே நகர்ந்தது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மலையின் மண் ஆற்றின் வழியே கடலுக்குப் போவது கெடாவில் மிகப் பழைய வழக்கம். அதை நாம் பின்னால் எவ்வளவு விரைவுபடுத்தினோம் என்பது வேறு கதை.

வடகெடாவின் சமவெளி அந்த நாளில் பெரும்பாலும் சதுப்புக்காடு. அதை வயலாக்கத் துணிந்தவர் சுல்தான் அப்துல் ஹமீதின் காலத்து முதலமைச்சர் வான் முகமது சமான். 1885-இல் அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே ஜெராய் மலை நோக்கி ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1895-இல் முடிந்தபோது அதன் நீளம் சுமார் 22 மைல். கோடு பிசகாமல் வெட்டுவதற்காக இரவில் பந்தங்களை வரிசையாக ஏற்றிவைத்துத் திசை பார்த்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லுகிறார்கள். இன்றும் அந்தக் கால்வாய் நூல் பிடித்தாற்போல நெடுஞ்சாலையின் ஓரமாகவே போகிறது. அதே 1895-ஆம் ஆண்டில்தான் தமிழகத்தின் மேற்கு மலையில் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் பெரியாற்று அணையைக் கட்டி முடித்தார். மேற்கே கேரளக் கடலுக்கு ஓடிய நீரை மலைக்குள் குடைந்த வழியாகக் கிழக்கே மதுரைச் சீமைக்குத் திருப்பினார். இரண்டு வேலைக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. என்றாலும் பெரியாற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பும் வேலை 70 ஆண்டு கழித்து நம் கெடாவுக்கும் வரப் போகிறது.

இதற்குள் தெற்குக் கெடாவில் ரப்பர் வந்துவிட்டது. கோலா மூடா, கூலிம், பாலிங் வட்டாரங்களின் மேட்டுநிலக் காடுகள் அழிக்கப்பட்டு வரிசை வரிசையாகப் பால்மரம் நடப்பட்டது. அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு ஒரு பித்து இருந்தது. மரத்தடியில் ஒரு புல்லும் தென்படக் கூடாது. ஆணும் பெண்ணும் மண்வெட்டி எடுத்து மலைச்சரிவைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்து வைத்தார்கள். தோட்டம் பார்வைக்கு வாசல் பெருக்கியது போல இருந்தது. மழை வந்தபோது மேல்மண் அப்படியே கரைந்து ஓடைக்குப் போயிற்று. ஓடை செம்மண் குழம்பாக ஓடியது. ஆற்றின் அடி மேடிட்டது. கீழே வெள்ளம் பெருகியது. மேலே மரம் உரமின்றி இளைத்தது. பாடுபட்டுச் செய்த வேலையே கேடாக முடிந்தது என்பது நம்மவர்களுக்கு வருத்தமான செய்திதான். ஆனால் அந்த முறையை வகுத்தவர்கள் நம்மவர்கள் அல்லர். கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர்களே நம்மவர்கள்.

பிறகுதான் அறிவு வந்தது. தரையை மூடிப் படரும் கொடிப்பயிர்களை விதைத்தார்கள். சரிவில் படிகள் வெட்டினார்கள். நீரையும் மண்ணையும் தடுத்து நிறுத்தக் குழிகள் எடுத்தார்கள். அந்தக் குழிகளை வெட்டிய கைகளும் அதே கைகள்தாம். ஒரு குழியில் தங்கிய நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மழையில்லாத மாதத்தில் ஓடையில் ஊற்றாகக் கசிகிறது. அணை கட்டுவது பொறியாளரின் வேலை என்று நினைக்கிறோம். தோட்டத்துக் குழி ஒவ்வொன்றும் ஒரு சின்ன அணைதான்.

ரப்பர் ஆலையின் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. வாளியில் கொண்டுவரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். அதில் மேலும் நீர் கலந்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளை இயந்திரத்தில் கொடுத்துக் கழுவிக் கழுவிப் பிழிகிறார்கள். பிறகு புகைக் கூடத்தில் விறகு எரித்து உலர்த்த வேண்டும். அந்த விறகும் பழைய பால்மரத்தையே வெட்டி எடுத்தது. ஆக, ஒரு ரப்பர் ஷீட்டுக்குள் ஓடையும் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. ஆலைக் கழிவுநீர் நெடுங்காலம் அப்படியே ஓடையில் விடப்பட்டது. அதன் நாற்றத்தை அறியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்து, அதன்கீழ் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு 1977-இலும், ரப்பர் ஆலைகளுக்கு 1978-இலும் விதிகள் வகுக்கப்பட்ட பின்னரே கழிவுநீர்க் குட்டைகள் அமைக்கும் பழக்கம் பரவியது.

இத்தனை உழைப்பும் ரப்பருக்கு. சோறு எங்கிருந்து வந்தது? போருக்கு முன் மலாயா தான் உண்ட அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. 1941 இறுதியில் ஜப்பானியர் வந்ததும் கப்பல் நின்றது. பால்மரத்தை எத்தனை கீறினாலும் அதைத் தின்ன முடியாது. தோட்டத்துச் சரிவுகளில் மரவள்ளிக் கிழங்கு நட்டு, அதையே அவித்தும் மாவாக்கியும் பிள்ளைகளுக்குக் கொடுத்த கதையைப் பாட்டிமார் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். வடக்கே சில மணி நேரப் பயணத்தில் நெல்வயல் இருந்தது. ஆனால் அதில் ஆண்டுக்கு ஒரு போகந்தான் விளைந்தது. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குப் போன நம்மவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தப் பஞ்சத்தின் நினைவு, நாடு விடுதலை பெற்றதும் ஒரு தீர்மானமாக மாறியது. சொந்த நெல்லை நாமே விளைவிக்க வேண்டும்.

அதன் பயன்தான் மூடா நீர்ப்பாசனத் திட்டம். 1965-இல் உலக வங்கி 4 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. 1966-இல் தொடங்கிய வேலையில் 1970-இல் இரண்டாம் போகத்துக்கு முதன்முறையாக நீர் விட்டார்கள். அதே ஆண்டில் மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியமும் தோன்றியது. நாமெல்லாம் மாடா என்று சுருக்கிச் சொல்லுகிறோமே, அதுதான்.

இதில் பொறியாளர்கள் காட்டிய கூர்மையை வியக்காமல் இருக்க முடியாது. மூடா ஆற்றின் தலைப்பகுதியில் மழைநீர் சேரும் நிலம் 984 சதுர கிலோமீட்டர். ஆனால் அங்கே அணை கட்டினால் தேங்கக்கூடிய நீர் 16 கோடி கன மீட்டர்தான். பக்கத்துப் பெடு பள்ளத்தாக்கில் நேர்மாறு. நீர் சேரும் நிலம் 171 சதுர கிலோமீட்டரே. ஆனால் பள்ளம் ஆழமானது, 100 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும். ஒரு வீட்டில் பெரிய கூரையும் சின்னப் பீப்பாயும். அடுத்த வீட்டில் சின்னக் கூரையும் பெரிய பீப்பாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு குழாய் போட்டால் போதும் அல்லவா? சாயோங் மலையைக் குடைந்து சுமார் 4 மைல் நீளச் சுரங்கம் போட்டார்கள். மூடாவில் சேரும் நீர் அதன் வழியே பெடுவுக்குப் போகிறது; பெடுவிலிருந்து மதகு திறந்தால் பாடாங் தெராப் ஆற்றில் இறங்கி, பெலுபாங் தடுப்பணையில் கால்வாய்களுக்குப் பிரிந்து, வயலுக்கு வருகிறது. பாயும் வயல் ஏறத்தாழ 96,000 ஹெக்டர். கெடாக்காரர் கணக்கில் 3 லட்சத்து 30 ஆயிரம் ரெலோங்குக்கு மேல். நாட்டின் நெல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வயல்களில் விளைகிறது. தோட்டத்துக் கடையில் நாம் வாங்கிய அரிசியிலும் அந்த நீர் இருந்தது.

காவிரிக் கரையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு மேட்டூர் நினைவு வரலாம். 1934-இல் முடிந்த மேட்டூர் அணையில் 1937 முதல் மின்சாரமும் எடுத்தார்கள். பெரியாற்று நீரும் பின்னாளில் மலையிலிருந்து இறங்கும் வழியில் மின்சாரம் தரலாயிற்று. அங்கெல்லாம் மின்சாரத்துக்காக நீரை விடுவதா, பயிருக்காக நீரைச் சேர்த்து வைப்பதா என்ற வழக்கு உண்டு. மூடா, பெடு அணைகளோ பாசனத்தையே நோக்கமாக வைத்துக் கட்டப்பட்டவை. ஆகவே இங்கே அந்த வழக்கு எழவில்லை. எரிபொருள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது.

வந்த ஆண்டு 1978. மழை தவறியது. அணைகளில் நீர் இறங்கியது. அந்த ஆண்டின் இடைப்பருவச் சாகுபடியே கைவிடப்பட்டது. எட்டு ஆண்டுகளாக இரண்டு போகத்துக்குப் பழகிவிட்ட உழவருக்கு அது பேரிடி. அப்போதுதான் வயலிலிருந்து வடிந்து கடலுக்குப் போகும் நீரை வீணாக்காமல் மறுபடி மேலே ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் அந்தச் சமவெளி எவ்வளவு தட்டையானது தெரியுமா? 5,000 அடி தூரத்துக்கு ஓரடி சரிவு. சில இடங்களில் 10,000 அடிக்கு ஓரடி. மேட்டிலிருந்து தானாக இறங்கும் நீருக்குச் செலவில்லை. வடிகாலில் இறங்கிய நீரை மீண்டும் தூக்க எந்திரம் வேண்டும், எந்திரத்துக்கு எண்ணெயோ மின்சாரமோ வேண்டும். இன்று அந்த வயல்கள் குடிக்கும் நீரில் ஏறத்தாழ பாதி நேராக வயலில் விழும் மழை. அணைநீர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மீதி ஆற்றுநீரும், இப்படி மறுபடி ஏற்றிய நீரும். அஹ்னிங் அணையும் 1980-களின் இறுதியில் சேர்ந்து கொண்டது.

அறுவடையிலும் எரிபொருள் புகுந்தது. இரண்டு போகம் என்றால், முதல் போகத்தை அறுத்த கையோடு அடுத்ததற்கு உழ வேண்டும், நாள் கிடையாது. 1970-களின் நடுவில் வந்த அறுவடை இயந்திரங்கள் 1980 வாக்கில் ஐந்தில் நான்கு பங்கு வயலை அறுத்தன. கிளந்தானிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் கதிரறுக்க வந்தவர்களுக்கும், உள்ளூர் ஏழைப் பெண்களுக்கும் இருந்த கூலி போயிற்று. நாற்று நடுவதை விட்டு விதையை நேராகத் தூவும் முறை வந்ததும் நடவுக் கூலியும் குறைந்தது. தோட்டத்தில் எந்த மாற்றம் வந்தாலும் முதலில் வேலை போவது யாருக்கு என்று நமக்குத் தெரியும். வயலிலும் அதே கதைதான்.

இனித் தெற்கே திரும்புவோம். தலைநீரில் ஒரு பகுதி வடக்கே போய்விட்டபின், மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியை நம்பியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? சுங்கை பட்டாணி நகரம் வளர்ந்தது. ஆலைகள் வந்தன. ஆறு இரண்டு மாநிலங்களின் எல்லையாக ஓடும் இடத்தில், லாஹார் தியாங்கில், பினாங்கு தன் குடிநீரை எடுக்கிறது; அந்த மாநிலத்துக் குழாய்நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த ஆற்று நீர். கடல்நீர் மேலேறிவிடாதபடி கீழ்ப்பகுதியில் தடுப்பணை கட்டினார்கள். கட்டடங்களுக்காக ஆற்றுமணலை அள்ளி அள்ளி அடி ஆழமாகிக் கரை இடிந்தது. அவரவர் வேலையை அவரவர் தனித்தனியே திறமையாகத்தான் செய்தார்கள். ஆறு மட்டும் ஒன்றாகவே இருந்தது.

தோட்டத்து லயங்களோ ஆற்றுக்கு மிக அருகில் இருந்தும் நல்ல நீருக்குத் தொலைவில் இருந்தன. கிணறும் பொதுக்குழாயும்தான். மாலையில் சில மணி நேரம் எந்திரம் ஓடும்; அது நின்றால் விளக்கும் நிற்கும்; பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பார்கள். 1966-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டம் நீரையும் மின்சாரத்தையும் பற்றிப் பேசியது. சட்டம் வந்துவிட்டது, குழாய் வந்து சேரப் பல லயங்களில் மேலும் பல ஆண்டுகள் ஆயின.

நிலத்தைத் துண்டாடிய கதையும் இதில் சேர்ந்ததே. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றன. ஒரு மலைச்சரிவு 20 பேர் கைக்குப் போனால், படியையும் வடிகாலையும் யார் பராமரிப்பார்? 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளர் மாதம் சிறிது சிறிதாகப் போட்ட பணத்தில் வாங்கியது. வேலையைக் காப்பாற்றிய செயல் என்றே அதைப் போற்றுகிறோம். ஒரு சரிவை ஒரே கையில் வைத்துக் காப்பாற்றியதும் அதுவே என்று சேர்த்துச் சொன்னால் தவறில்லை.

மூடா ஆற்றின் தேவைகளையெல்லாம் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பெரிய முயற்சியாக 1995-இல் ஜப்பானியக் கூட்டுறவு நிறுவனமான ஜைக்கா ஒரு திட்ட அறிக்கை தந்தது. பாசனம், குடிநீர், வெள்ளம், மணல் எல்லாம் அதில் வந்தன. பின்னர் 2004-இல் சீக் வட்டாரத்தில் பெரிஸ் அணை கட்டி முடிந்தது. கீழ் ஆற்றில் நீர் இறங்கும் நாளில் அதன் மதகைத் திறந்து, வடக்கே போன நீருக்கு ஒருவகையில் ஈடு செய்கிறார்கள்.

ஆனால் அணை நீரை உண்டாக்குவதில்லை. வந்த நீரைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நீரைத் தருவது உலு மூடா காடு. 1 லட்சத்து 60 ஆயிரம் ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காட்டில் மரம் வெட்ட உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் கெடா மாநில அரசின் அதிகாரம். நம் அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் பொறுப்பு. மரம் விற்றால் மாநிலக் கருவூலத்துக்குப் பணம். வெட்டாமல் விட்டால் நீர் கிடைப்பது நெல்வயலுக்கும், பினாங்குக் குழாய்களுக்கும். அப்படியானால் காட்டைக் காப்பதற்கு எங்களுக்கு ஈடு தாருங்கள் என்று கெடா கேட்கிறது. ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது, எங்கள் உரிமையைத்தான் எடுக்கிறோம் என்று பினாங்கு சொல்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. வெட்டாத மரத்துக்கு விலை என்ன என்று இதுவரை எந்தச் சந்தையிலும் எழுதி வைக்கவில்லை.

பேச்சுவார்த்தை மாறி மாறி நடக்கிறது, ஆட்சிகள் மாறுகின்றன. இதற்கிடையில் பெடு அணையின் மதகைத் திறக்கும் பருவம் வந்துவிடுகிறது. திறந்த நீர் சில நாள் நடந்து பெலுபாங்கில் பிரிந்து, வயல் வயலாக இறங்கி, மிஞ்சியது வடிகாலில் சேர்ந்து, அலோர் ஸ்டாரைத் தாண்டிக் கடலை நோக்கிப் போகிறது.